பிளக்ஸில் நின்ற மவுசர்

மதுரை மத்திய சிறை
12.06.2025

என் தங்க மருமக தமிழ்ச்செல்விக்கு,

மாமன் நல்லகாமன் எழுதுறேன். ராசா மாதிரி இருக்கேன், கவலைப்படாத. இதை வக்கீல் செல்வக்குமார் கையில குடுத்தனுப்புறேன். உன் மக, என் பேத்தி அஸ்வினிக்குக் காது ஆறிருச்சா? காதுகுத்துக்கு வச்ச பிளக்ஸ்ல நான் துப்பாக்கியோட நின்ன நிப்பைப் பார்த்து டி. கல்லுப்பட்டியே ஆடிப்போச்சு. போலீசும் பார்த்துருச்சு, அம்புட்டுதான்.

உள்ள எல்லாருக்கும் நான்தான் வாத்தியார். அது மவுசர், ஜெர்மன்காரன் செஞ்சது, ஒரு குண்டு வெடிச்சா அடுத்தது தன்னால ஏறிக்கும், ஒருக்கா நிரப்புனா நூறு சுடும்னேன். வார்டரே வாயைப் பிளந்துட்டாரு. 1905-ல பர்மாவுல என் பூட்டன் ஒரு வெள்ளைக்காரக் கப்பித்தானை மிதிச்சுப் பிடுங்குனதுன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். அவங்க நம்பல. "யார்கிட்ட வாங்குன?"ன்னே கேக்குறாங்க. சொன்னாத்தான் ஜாமீனாம். செவரு நாலும் கிட்ட வந்துக்கிட்டே இருக்கு பாப்பா. என் அழகைப் பார்க்கத்தான்.

உன் மாமன்,
நல்லகாமன்

சென்னை
20.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

காது ஆறிருச்சு. உங்க சுகர் மாத்திரையைக் குடுக்குறாங்களா?

அந்தத் துப்பாக்கியைப் பத்திப் படிச்சேன். நூறில்ல, பத்துக் குண்டு. 1896-ல வந்தது. மவுசர் கம்பெனியில வேலை பார்த்த அண்ணன் தம்பி மூணு பேர் செஞ்சாங்க, மொதலாளி தன் பேர்ல பதிஞ்சுக்கிட்டார். பிளக்ஸ்ல நீங்க குழலைப் பிடிச்சிருக்கீங்க மாமா, அதனால பிடி நல்லாத் தெரியுது. அதுல சிவப்பா ஒரு 9. அது 1916-ல இருந்து ஜெர்மன் பட்டாளத்துக்காக வெட்டுனது. பூட்டன் அதுக்கு முந்தியே செத்துட்டாருன்னு அம்மா சொல்லுது.

தம்பி பாண்டியராஜனைக் கேட்டேன். அழுதுட்டான். பிளக்ஸ்ல எடுப்பா இருக்கட்டும்னு பழைய சாமான் விக்கிறவர்கிட்ட அவன்தான் வாங்கியிருக்கான். வக்கீல் அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடவா? இதை ஒட்டி அனுப்புறேன், அவர் படிக்கமாட்டாரு.

தமிழ்ச்செல்வி

மதுரை
27.06.2025

அடி மருமகளே,

உன் கடுதாசியைப் படிச்சிட்டு மென்னு முழுங்கிட்டேன். சிறைச் சோத்துக்கு அது தேவல.

வாயைத் தொறக்காத. உன் தம்பிக்கு எஸ்.ஐ. ஆர்டர் வரப்போகுது. ஒரு கேஸ் விழுந்தா அம்புட்டும் போச்சு. சின்னதுல அவன் காதுகுத்துல என் மடியில உக்காந்து அலறுனான், வேட்டியெல்லாம் நனைச்சான். எந்திரிச்சனா? குத்தி முடிக்கிற வரைக்கும் தாய்மாமன் எந்திரிக்கக்கூடாது. இப்பவும் அப்படித்தான் உக்காந்திருக்கேன்.

மூணு பேர் செஞ்சதுக்கு மொதலாளி பேருன்னு நீயே எழுதியிருக்க. பொறந்ததுல இருந்தே அந்தத் துப்பாக்கிக்கு அப்படிப் பழக்கம்போல.

காலு கொஞ்சம் வீங்குது. சிங்கத்துக்கும் வீங்கும்.

நல்லகாமன்

சென்னை
25.07.2025

மாமாவுக்கு,

வக்கீல் அண்ணன் போன்ல கேட்டாரு. பரம்பரைத் துப்பாக்கிதான்னு நானும் சொல்லிட்டேன். இனிமே பூட்டன்னு சொல்லாதீங்க, வயசாகி மறந்துட்டேன், தாத்தாதான்னு சொல்லுங்க. அவர் பர்மாவுல இருந்தது நெசம், வருஷமும் ஒத்துவரும். கப்பித்தானை மிதிச்சதை விட்டுருங்க.

தம்பிக்கு ஆர்டர் வந்துருச்சு. பயிற்சிக்குப் போறவன் நேத்து இங்க வந்து சாப்பிட்டான். "மாமாவைப் பார்த்துட்டு வந்தியாடா?"ன்னேன்.

"மனு போட்டாத்தான் பார்க்க விடுவாங்க. அதுல என் பேரை எழுதணுமேக்கா"ன்னான். கறிக்குழம்பு நல்லாயிருக்குன்னு இன்னொரு கரண்டி வாங்கிக்கிட்டான்.

பஸ் ஏறிக் கையாட்டுனான். எனக்குக் கை எழும்பல மாமா.

தமிழ்ச்செல்வி