நங்கூரம் பொறித்த பியூஸ்

செப்டம்பர் 2, திங்கள்
ஹம் நகர ரயில் இன்றும் இருபது நிமிடம் தாமதம். அருங்காட்சியகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் வருகிறார்கள். அறிவிப்புக்குப் படம் எடுத்தேன். கூட வேலை செய்யும் லூக்காஸ் வழக்கம்போல ஜப்பானிய பியூஸைத்தான் முன்னுக்கு வைக்கச் சொன்னான். குண்டை வெடிக்கவைக்க, விமானக் குண்டின் மூக்கில் திருகுகிற பித்தளைத் துண்டு அது. வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும் மேசைக்கு அதுதான் ராணி. அதை அருங்காட்சியகப் பதிவேட்டில் பதிந்தது நான். என் வேலை நிரந்தரமா இல்லையா என்று அடுத்த கிழமை சொல்வார்கள்.

செப்டம்பர் 3
படத்தைப் பெருப்பித்தேன். அடியில், அழுக்குக்குள், ஒரு சின்ன நங்கூரம். கடற்படையின் முத்திரை.
அதனோடு வந்த அட்டையில் இருப்பது வேறு: "ஜப்பானியத் தரைப்படை. பயிற்சிக்கானது. உள்ளே வெடிமருந்து இல்லை."

செப்டம்பர் 4
இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கர்கள் அச்சிட்ட கையேட்டில் தேடினேன். ஜப்பானியக் கடற்படை விமானக் குண்டுகளின் பகுதியில் இரண்டு படங்கள் இதை ஒத்திருக்கின்றன. இரண்டுமே பயிற்சிக்கானவை அல்ல.
அப்படியென்றால் அந்த அட்டை வேறொரு பொருளுடையது. இவற்றையெல்லாம் சேகரித்து வைத்திருந்த கப்பல் பொறியாளர் இறந்தபின் பெட்டியில் மாறிக் கிடந்திருக்க வேண்டும். நான் அட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன், பொருளைப் பார்க்கவில்லை. பெரிய நிபுணர் நான்! இதற்குள் மருந்து இல்லை என்று உலகத்தில் வேறு யாரும் சொல்லவில்லை. நான் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.
பிழை என் கண்ணில்தானோ? கட்டடத்தையே காலி செய்யவைத்து, கடைசியில் வெறும் கோது என்று வந்தால்?

செப்டம்பர் 5
சொல்லவில்லை. இரண்டு தரம் இயக்குநரின் கதவுவரை போனேன். சீ, என்ன மனுசி நான்.

செப்டம்பர் 6, வெள்ளி
காலையில் லூக்காஸிடம் சொன்னேன். சிரித்தான். இரண்டு வருடமாக எத்தனை பிள்ளைகள் குலுக்கிப் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, உன் ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், ஞாயிறு அதை மேசையில் வைக்காமல் விடுவோம், பிறகு பார்க்கலாம் என்றான். நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்கும் அது இனித்தது, பொய் சொல்லக்கூடாது.
ஆனால் பியூஸ் இருந்த அறைக்குள் இருவர் தூசு தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டு நானே பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் தெருவில் நின்றோம். இயக்குநர் என் பக்கம் திரும்பவே இல்லை.
வந்த அதிகாரி, மருந்து இல்லை என்று எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். குறித்துக்கொண்டார். பியூஸைக் கொண்டுபோய்விட்டார்கள்.

செப்டம்பர் 8
நிகழ்ச்சி ரத்து. பியூஸை எடுத்த எக்ஸ்ரே படத்தின் முடிவை லூக்காஸ்தான் தொலைபேசியில் சொன்னான். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. வெடிமருந்தும்தான். போன வருடம் தன் மகள் அதைக் காதில் வைத்துக் கேட்டாள் என்றான்.

செப்டம்பர் 11, புதன்
நிரந்தரம் இல்லை. டிசம்பர் வரை இருக்கலாம். நான் பதிந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். நியாயம்தான்.
வீட்டுக்கு வந்தால், அம்மா தமிழ்க் கடையில் செய்தியைக் கேள்விப்பட்டிருந்தார்.
"அண்டைக்கு நீ என்ர கையில தந்தது அதுவோ?"
ஓம் என்றேன். போன வருடம் அம்மாவையும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். மேசைக்குக் கிட்டவே வரமாட்டேன் என்று சுவரோடு நின்றார். யாழ்ப்பாணத்தில் செல்லடிக்குள், குண்டு விழ விழ இருந்தவர், அப்படித்தானே நிற்பார்? எனக்கோ லூக்காஸ் முன்னால் வெட்கம். உள்ளே ஒன்றும் இல்லை, சும்மா பயந்து சாகாதீர்கள் என்று இழுத்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை நானே மூடிவிட்டேன். படமும் எடுத்தேன்.
"எனக்குத் தொட ஏலாமத்தான் இருந்தது. என்ர பிள்ளை பாத்துத்தானே சொல்லுறாள் எண்டு பிடிச்சனான்."
கோபமாகச் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிட வா என்றார். நான் இன்னும் எழும்பவில்லை.