போனவரு இன்னும் வரல

பிப்ரவரி 6

இன்றும் காவலை நீட்டித்துவிட்டார்களாம். மீனவர் சங்கத்தில் சொன்னார்கள். எல்லை தாண்டியதாக அவரை இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் ஒரு மாதமாகிறது. அத்தை சோற்றைத் தொடவில்லை. நான் சாப்பிட்டேன். பசியோடு கிளிஞ்சல் ஒட்டினால் கை நடுங்கும்.

பிப்ரவரி 9

இலக்கியா திருமயத்திலிருந்து கேமராவோடு வந்திருந்தாள். ‘அலைச்சரம்’ அவள் ஆரம்பித்தது. ஜெகதாப்பட்டினத்தில் நாங்கள் பதினோரு பேர் கிளிஞ்சல் கம்மலும் மாலையும் செய்கிறோம், அவள் இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். வெறும் கம்மலைப் போட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லையாம். செய்கிறவர்கள் முகம் வேண்டுமாம். என் முகத்துக்கு வந்த யோகம்.

“தாலிக்கயித்த உள்ள விட்டுக்கங்கக்கா, மாலை எடுப்பாத் தெரியல.”

ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டாள். கேமரா முன்னால் ஜெயில் என்று சொல்ல வாய் வரவில்லை. “கடலுக்குப் போனவரு இன்னும் வரல” என்றேன். பொய்யில்லையே. அவள் கண் கலங்கியது. மேற்கொண்டு கேட்கவில்லை.

பிப்ரவரி 17

ஆர்டர் குவிகிறது. என் வீடியோவால்தான் என்கிறார்கள்.

பிப்ரவரி 18

எதிர்வீட்டு ராக்காயி போனைக் கொண்டுவந்து காட்டினாள். என் படம். கீழே எழுதியிருந்தது: “செவந்தியின் கணவரைக் கடல் எடுத்துக்கொண்டது. அந்தக் கடலிலிருந்தே இவர் நகை செய்கிறார்.”

எடுத்துக்கொண்டதா?

எங்கள் ஊரில் ‘இன்னும் வரல’ என்றால் எந்த ஜெயில் என்று கேட்பார்கள். திருமயத்துப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் சொல்லித் தொலைத்திருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவருக்கு அஞ்சலி எழுதியிருக்கிறார்கள்.

அத்தையும் பார்த்துவிட்டார். “எம்புள்ளைய உசுரோட கொன்னுட்டியேடி.”

பிப்ரவரி 19

போனில் கத்திவிட்டேன். “எடுங்க. அவரு ஜெயில்லதான் இருக்காரு. வர்றதுக்குள்ள அத எடுத்துருங்க.” இலக்கியா அழுதாள். விசாரிக்காமல் போட்டது தன் தப்புதான் என்றாள். “ஆனா இப்ப மாத்துனா பொய் சொல்லி வித்தோம்பாங்கக்கா. பிராண்டே போயிரும். அண்ணன் வரட்டும், மாத்திக்கலாம்.”

மற்ற பத்துப் பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்பும் இதை நம்பித்தான் எரிகிறது. என்ன செய்வேன்... சரி என்றேன்.

மார்ச் 12

இன்னொரு வீடியோ. “அக்கா, பொட்டு மட்டும்...” என்று இழுத்தாள் இலக்கியா.

நானே அழித்தேன். எழுதவே கை கூசுகிறது.

ஏப்ரல் 6

பங்காளி வீட்டில் வளைகாப்பு. வளையல் போட என்னைக் கூப்பிடவில்லை. அவர் உயிரோடு இருப்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். “தெரியும் தாயி. ஆனாலும் விழுந்த சொல்லு விழுந்ததுதானே” என்றார் பெரியம்மா. வெறும் கையோடு திரும்பினேன். ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மே 24

வந்துவிட்டார். பாதியாக இளைத்து, தாடியும் மீசையுமாக. வேனில் வரும்போதே யாரோ அந்தப் படத்தைப் போனில் காட்டியிருக்கிறார்கள். ஆரத்தி எடுக்கையில் என் நெற்றியைத்தான் பார்த்தார். பெரிய பொட்டாகத்தான் வைத்திருந்தேன்.

“ஜெயில்ல இருக்காருன்னு சொல்ல என்ன?”

“வெக்கமா இருந்துச்சுங்க.”

“செத்துட்டேன்னா வெக்கமில்லையா?”

மே 27

இலக்கியா கேமராவும் பூமாலையுமாக வந்தாள். ‘கடல் திருப்பித் தந்த கணவர்’ என்று போடப்போகிறாளாம்.

அவர் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. “நான் ஜெயில்ல இருந்தேன். அதப் போடுவீங்களா?”

அவள் கேமராவைப் பைக்குள் வைத்தாள். போகும்போது பூமாலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 9

இன்ஸ்டாகிராமில் அந்தப் படம் அப்படியே இருக்கிறது. அவர் என்னோடு பேசி நாளாகிறது.

ஜூன் 15

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. அவர் படகை இலங்கையிலேயே பறிமுதல் செய்துவிட்டார்கள். இன்று வேறொருவர் படகில் ஏறுகிறார். விடியலில் வலைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, “போறேன்” என்றார்.

அத்தை பதறிப்போய் வாசலுக்கு வந்தார். “என்ன பேச்சுய்யா இது? போயிட்டு வாரேன்னு சொல்லு.”

“போறேன் ஆத்தா.”

தாலிக்கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.