இரண்டாவது பூச்சு

என் அன்புச் சரோவுக்கு,

கோபப்படாமல் கேள். கோபம் வரும், தெரியும். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு. உயிரோடு இருந்த காலத்தில் ஒரு பேச்சையாவது நீ என்னை முடிக்க விட்டிருக்கிறாயா? இப்போதாவது விடு.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தர்ஷினியைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். பையன் பெயர் லோகேஸ். அவள் வேலை செய்கிற தானா ராத்தா கிளினிக்குக்கு மிஷின் பழுது பார்க்க ஈப்போவிலிருந்து வந்தவன். மிஷின் சரியான பிறகும் மூன்று மாதம் வந்து போயிருக்கிறான். எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது, வழக்கம் போல.

பையனுக்கு அப்பா இல்லை. அம்மா தாப்பாவில் தனியாக இருக்கிறார், இவன் ஒரே பிள்ளை. அந்த அம்மாவுக்கு எஸ்டேட்டுப் பெண் என்றதும் முகம் சுருங்கிவிட்டதாம். ஒரு தடவை வந்து பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். நம் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லையே.

"அவங்க மனசார சரின்னு சொன்னா கல்யாணம். இல்லன்னா வேணாம்பா. மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற வீட்டுக்கு நான் போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அப்படியே உன் வாய். ஆக, எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வருகிறவர்களை உட்கார வைக்க வீட்டில் என்ன இருக்கிறது சொல்? சமையலறையில் கிடக்கும் இரண்டு நாற்காலிகள்தான். நீ கடைசியாகப் படுத்துக் கிடந்த அந்தச் சோபாவை, நீ கண்ணை மூடிய மாதமே லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். தினமும் வேலை விட்டு வந்து அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. தர்ஷினி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு அதில் உட்கார வேண்டும் போல இருந்திருக்கிறது, நான் கேட்கவே இல்லை.

கோயில் மண்டபத்துச் சிவப்பு நாற்காலிகளை இரவல் வாங்கலாம் என்றாள். அவை நம் வீட்டுக்குக் கடைசியாக எதற்கு வந்தன என்று உனக்கே தெரியும். "அந்த நாற்காலி இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று கத்திவிட்டேன்.

"அப்ப என்னதான்பா பண்றது? அவங்க நின்னுக்கிட்டா காப்பி குடிப்பாங்க?"

"பெஞ்சு செய்யறேன்."

சிரிக்காதே சரோ. தேயிலை பேக்டரியில் முப்பது வருஷம் கொழுந்து வாட்டியவனுக்கு நாலு கால் வைத்து ஒரு பலகையை மாட்டத் தெரியாதா? பேக்டரியில் வாட்டுகிற தொட்டிகளின் பழைய பலகைகளைக் கழற்றிப் பின்பக்கம் போட்டிருந்தார்கள். மேனேஜரிடம் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். கெட்டி மரம். இழைப்புளி போட்டுத் தள்ளத் தள்ள உள்ளே இருந்து தேயிலை வாசம் வந்தது. தர்ஷினி கைப்பேசியில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள், எவனோ ஒருவன் பத்து நிமிஷத்தில் ஒரு பெஞ்சைச் செய்துவிட்டுச் சிரிக்கிறான். எனக்கு இரண்டு வாரம் ஆனது.

வெளியே ஆடாமல் நின்ற பெஞ்சு உள்ளே கொண்டுவந்ததும் நொண்டியது. நம் வீட்டுத் தரை பின்சுவர்ப் பக்கம் இறங்கியிருக்கிறதே, நீ எத்தனை தடவை சொன்னாய், நான் எத்தனை தடவை பார்க்கலாம் பார்க்கலாம் என்றேன். கடைசியில் தரைக்குத் தகுந்த மாதிரி காலை அறுத்தேன். இப்போது அது ஜன்னல் ஓரம் அந்த ஒரே இடத்தில்தான் ஆடாமல் நிற்கும். தர்ஷினி ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். "பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வார்னிஷ் வாங்க பிரிஞ்சாங் போனேன். நீ பேரம் பேசிப் பேசியே அழ வைப்பாயே, அந்தக் கடை பாய்தான். உன்னை விசாரித்தார், பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். டின்னை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "அண்ணே, மழ நாளு. ஒரே ஒரு பூச்சு பூசுங்க, ரெண்டு நாளு காய விடுங்க. மேல ரெண்டாவது பூச்சு மட்டும் பூசிடாதீங்க. இந்தக் குளிருல ஒரு வாரம் ஆனாலும் பிசுபிசுன்னு ஒட்டும்லா."

வியாழக்கிழமை பூசினேன். சனிக்கிழமை மத்தியானம் காய்ந்துவிட்டது. தர்ஷினி தடவிப் பார்த்துவிட்டுக் கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள், துளிகூட ஒட்டவில்லை. சாயங்காலம் பழம் வாங்க அவள் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குக் கிளம்பினாள்.

அவள் கிளம்பியதும் மூட்டம் இறங்கியது. ராத்திரி முழுக்க மழை. காலையில் பெஞ்சு ஒட்டியது. மழையால்தான் என்று அவளிடம் சொன்னேன்.

இல்லை சரோ. உன்னிடமும் அதையே சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அவள் வெளியே போனதும் டின்னைத் திறந்தேன். இரண்டாவது பூச்சை நான்தான் பூசினேன்.

ஏன் பூசினேன்? பளபளப்பு போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரஷ்ஷை எடுத்த கை அப்படி நினைத்து எடுத்ததா? கல்யாணம் முடிந்தால் அவர்கள் ஈப்போவில் வீடு எடுக்கப் போகிறார்கள். வேலை விட்டு வந்து நானே விளக்கைப் போட வேண்டும், நானே சோறாக்க வேண்டும், நானே சாப்பிட வேண்டும். யாரிடம் சண்டை போடுவேன்? பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிதானமாகப் பூசினேன், ஒரு இடம் விடவில்லை.

காலையில் அவள் விரலை வைத்தாள். விரல் ரேகை அப்படியே பதிந்தது. என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பரவாயில்லப்பா. இத பின்னால தள்ளிடலாம். லட்சுமி அக்கா வீட்டுல நாலு நாற்காலி கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க. நான் குளிச்சிட்டு வந்துடறேன்" என்றாள்.

போனேன். பக்கத்து வீட்டுப் படி வரைக்கும் போனேன். உள்ளே லட்சுமி ரேடியோ வைத்திருந்தது கேட்டது. கதவைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. நான் தட்டவில்லை சரோ. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

பத்து மணிக்கு என்று சொன்னவர்கள் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். மழை வலுப்பதற்குள் மலையிறங்க வேண்டுமாம். அந்த அம்மா, அவர் அண்ணன், லோகேஸ், மூன்று பேர். அண்ணன்காரர் பெரிய மனிதர் தோரணை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூரையை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து சமையலறை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டார். இன்னொன்றில் தட்டு, வெற்றிலை, பூ. லோகேஸ் மரியாதைக்கு நின்றான். அந்த அம்மா நேராக ஜன்னல் பக்கம் நடந்தார். கரும்பச்சைப் பட்டுப்புடவை.

சொல்ல நேரம் இருந்தது. "அங்க உக்காராதீங்கம்மா" என்று நாலு வார்த்தைகூட இல்லை. அவர் புடவையை இழுத்துச் சரிசெய்தார், குனிந்தார், உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே தர்ஷினி டம்ளர் அடுக்கும் சத்தம் கேட்டது. நான் வாங்கி வந்திருப்பேன் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாகக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன்காரர் என்னிடம் கேள்வி மேல் கேள்வி. எத்தனை வருஷம் சர்வீஸ், வேலை முடிந்தால் வீடு எங்கே, இதெல்லாம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தாரை வார்க்க யாரு இருக்காங்க? நீங்க சம்சாரம் இல்லாதவரு. வேற ஒரு தம்பதியத்தான் பாக்கணும், தெரியுமில்ல?" நான் தலையை ஆட்டினேன். என் கண் முழுக்கப் பெஞ்சின் மேல் இருந்தது.

தர்ஷினி தட்டோடு வந்தாள். சமையலறை நிலையில் நின்றாள். பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"அத்தை, கொஞ்சம் மெதுவா எந்திரிங்க" என்றபடி தட்டோடு கிட்டே வந்தாள். அதற்குள் அந்த அம்மா டம்ளரை எடுக்க முன்னால் சாய்ந்துவிட்டார். சர்ர் என்று ஒரு சத்தம். பட்டில் ஒரு பிடி நூல் பெஞ்சோடு நின்றுவிட்டது.

அண்ணன்காரர் துள்ளி எழுந்தார். "என்னய்யா இது? உக்கார வெச்சு அசிங்கப்படுத்தறியா? எந்திரி தங்கச்சி. இந்தச் சம்பந்தமே வேணாம், போலாம் வா!"

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை இதுதான். கேட்டதும் வேண்டாம் என்றிருந்தது.

"மாமா, மன்னிச்சிடுங்க. என் தப்புதான்" என்றாள் தர்ஷினி. "நேத்து நான்தான் வார்னிஷ் பூசினேன். காஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன்." தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பொய், சரோ. எனக்காகத் தன் கல்யாணத்தையே பணயம் வைத்துவிட்டாள்.

"அவ பூசல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் பூசினேன். காயாதுன்னு கடக்காரர் சொன்னாரு. தெரிஞ்சேதான் பூசினேன்."

"தெரிஞ்சேவா?" என்றார் அண்ணன்காரர்.

"தெரிஞ்சே. நாற்காலி வாங்கிட்டு வரச் சொன்னா, வாங்கல. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா எம் பொண்ணு என்கூடயே இருப்பான்னு நெனச்சேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் கேடு கெட்டவன்."

லோகேஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தர்ஷினியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. அந்த அம்மா எழுந்து முந்தானையைத் திருப்பிக் கிழிசலைப் பார்த்தார், விரலால் நீவினார். இதோ கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்க உக்காருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வர்ற வழியில ரெண்டு எடத்துல காரை நிறுத்தச் சொன்னேன். வாந்தி வருதுன்னு. வாந்தியும் வரல, ஒண்ணும் வரல. வளைவுல நின்னுக்கிட்டு, அம்மா வேணாம்மா திரும்பிடலாம்னு இவன் ஒரு வார்த்த சொல்வானான்னு பாத்தேன். தண்ணி வாங்கிக் குடுத்து மறுபடியும் ஏத்திக்கிட்டு வந்துட்டான், படுபாவி."

"அம்மா!" என்றான் லோகேஸ்.

"என்னடா அம்மா? எனக்கு மட்டும் யாரு இருக்கா? எஸ்டேட்டுப் பொண்ணு, அது இதுன்னு வாய்க்கு வந்தத சொன்னேன். அந்தப் பொண்ணு மேல என்ன கொறை இருக்கு?" என்றவர் அதே பெஞ்சில் போய் மறுபடியும் உட்கார்ந்தார். "கிழிஞ்ச பொடவ, இனிமே ஒட்டினா என்ன? காப்பியக் குடும்மா."

தர்ஷினி காப்பியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அத்தை, எனக்கு ஒரே ஒரு விஷயம் வேணும். தாரை வார்க்க வேற யாரையும் கூப்புடக் கூடாது. எங்கப்பாதான் செய்யணும்."

"அதெப்படிம்மா?" என்று இழுத்தார் அண்ணன்காரர். "பொண்டாட்டி இல்லாத ஆளு தனியா நின்னு எப்படித் தாரை வார்ப்பாரு? மொற இல்லையே."

"ஏண்ணே, நான் மட்டும் புருஷனோடவா வந்திருக்கேன்?" என்றார் அந்த அம்மா. அண்ணன்காரர் காப்பியை எடுத்துக்கொண்டார்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். "நீங்களே என் கையப் புடிச்சுக் குடுக்கணும்பா. நீங்க குடுக்கலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்."

தண்டனையா அது, சரோ? இல்லை பாசமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நீயாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய். அன்றிலிருந்து என்னோடு பேசுகிறாள், சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள். அந்தப் பெஞ்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நேற்று அதில் ஒட்டியிருந்த பட்டு நூலை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே போனாள்.

தை மாதம் நாள் பார்த்திருக்கிறார்கள். ஐயரிடம் கேட்டேன். பெண்ணின் கையை அப்பா பிடித்துக்கொள்ள, அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். ஊற்றுகிற கை உன்னுடையது. நீ இல்லாமல் எப்படி ஊற்றுவது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது சரோ. இடது கையில் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன், வலது கையால் சொம்பைச் சாய்ப்பேன். இரண்டு பேர் வேலையையும் நானே செய்வேன். அழுவேன், எல்லாரும் பார்க்கட்டும். தண்ணீர் முழுக்க விழுந்து முடிந்ததும் அவள் கையை விட்டுவிடுவேன். உனக்குச் சத்தியம் பண்ணுகிறேன், இந்தத் தடவை நிஜமாகவே விட்டுவிடுவேன்.

தர்ஷினியின் அப்பா,
உன் வீட்டுக்காரன்
ஆறுமுகம்