பெரிய நட்சத்திரங்களும் அண்ணனின் நெஞ்சு வலியும்

1982 ஜூலை 14, புதன்

மழை. இன்றும் சேலை காயவில்லை. வெள்ளிக்கிழமை நான் படிப்பிக்கும் பள்ளியில் விஞ்ஞான தினம், பேச்சு என் தலையில். கண்டியிலிருந்து வந்த சஞ்சிகையில் ஒரே ஒரு கட்டுரைதான் உருப்படி: பால்வீதியின் நடுவில் உள்ள ராட்சத நட்சத்திரங்கள். குறிப்பு:
– இடையில் தூசி. அதனால் கண்ணுக்குத் தெரியாது. வெப்பக் கதிரை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.
– சூரியனைவிடப் பல மடங்கு எடை. எரிபொருள் அதிகம், செலவு அதைவிட அதிகம். சீக்கிரம் முடிந்துவிடும்.
– எரியும்போதே தன் உடம்பைக் காற்றாக ஊதித் தள்ளும்.

அண்ணன் கட்டிலில். ஓய்வெடுக்காவிட்டால் அடுத்த நெஞ்சு வலியைத் தாங்கமாட்டார் என்று ஹட்டன் டாக்டர் சொல்லிவிட்டார். தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருக்கு ஓய்வு எங்கே? சாப்பிட உட்காருவதற்குள் வாசலில் ஆட்கள். "கூரை ஒழுகுது தலைவரே." "கண்டாக்கு ஏசுறாரு, வேலை பத்தாதாம்." "அரைப் பேருதான் போட்டாங்க, பாதி நாள் சம்பளம்." சீனி வாங்க மறந்தேன்.

ஜூலை 15, வியாழன்

பேச்சை அண்ணனிடம் வாசித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பெருசு எவ்வளவு காலம் இருக்கும்?"

"சில மில்லியன் வருஷந்தான். சூரியன் மாதிரி சின்னதுன்னா ஆயிரக்கணக்கான மில்லியன்."

"அப்ப சின்னதா இருக்கிறவன்தான் புத்திசாலி."

"ஆமாண்ணே. தலைவர் வேலைய விட்டுருங்க. எனக்கு வேற யாரு இருக்கா?" அழுதுவிட்டேன். வெட்கம்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "சரி. ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல வேற ஆளுகிட்ட குடுத்துர்றேன்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 16, வெள்ளி

தகரக் கூரையில் மழை. கத்திப் பார்த்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்துவந்து அடியில் எழுதினாள்: அங்கே சின்ன நட்சத்திரமே இல்லையா? "இருக்கும். நமக்குத் தெரிவதில்லை" என்று எழுதினேன். தொண்டை கட்டிவிட்டது. சீனி வாங்கியாயிற்று.

ஜூலை 18, ஞாயிறு

கோயிலில் கூட்டம். நானும் போனேன். அண்ணன் எழுந்து, "என்னால முடியல. வேற யாராச்சும் எடுத்துக்குங்க" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எதற்கும் முதலில் வாய் திறக்கும் வேலாயுதம் பீடி தேடினார்.

கடைசியில் கொழுந்தெடுக்கும் ராசம்மாதான்: "நீங்க படுத்துக்கிட்டே சொல்லுங்க தலைவரே. நாங்க செய்யிறோம்."

கைதட்டல். அப்படியொரு நிம்மதி அவர்களுக்கு. அண்ணன் சிரித்தார், என் பக்கம் திரும்பவில்லை. அவர்கள்மேல் கோபம். அந்தச் சிரிப்பின்மேல் அதைவிடக் கோபம்.

ஜூலை 19, திங்கள்

பனிமூட்டம். எழுந்தபோது கட்டில் காலி. காலை மாத்திரை தட்டில் அப்படியே.

வாசலில் நின்று பார்த்தேன். கீழே காலையில் பேர் பதியும் பெரட்டுக் களம் தெரியவில்லை, ஆட்கள் தெரியவில்லை. அண்ணன் சத்தம் மட்டும் மேலே வந்தது, யாருக்கோ முழுப் பேர் போடச் சொல்லி. நடுவில் நின்றுபோனது. இருமல். மறுபடியும் அதே சத்தம்.

மாத்திரையைத் தாளில் மடித்தேன். போத்தலில் சுடுதண்ணீர். குடை. பள்ளிக்குப் பிந்திவிடும். பிந்தட்டும்.