சிடியில் மட்டும் கேட்கும் சலங்கை

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுச் சாப்பாடு நன்றாக இருந்தது. நல்லதைச் சொல்லிவிட்டேன், இனி மற்றதைச் சொல்கிறேன்.

சமையலறையில் நீ பாட்டுக் கேட்ட லட்சணத்தைப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளருக்குள் போனை நிறுத்தி வைத்திருக்கிறாய், சத்தம் கூடுமாம். அதுவும் எந்தப் பாட்டை? நான் வயலின் வாசித்த பாட்டை. கேட்டால், "காசு குடுத்துத்தாண்ணா டவுன்லோட் பண்ணினேன்" என்கிறாய். சிடி என்றால் கையில் எடுக்கலாம், அலமாரியில் வைக்கலாம். உன் காசுக்கு உன் கையில் என்ன இருக்கிறது? சங்கீதம் படித்த வீட்டில் பிறந்தவள் தகர டப்பாவில் பாட்டுக் கேட்கிறாள் என்று வெளியே சொன்னால் எனக்குத்தான் அசிங்கம்.

என்னிடம் இருக்கும் அந்தப் பாட்டின் இரண்டு சிடிகளில் ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேள். இடையிசையில் கடைசி ஏற்றம் வரும்போது பின்னால் ஒரு சின்னச் சலங்கை ஒலிக்கும். என் மாணவர்களுக்கு முதலில் அதைத்தான் கேட்கச் சொல்வேன். உன் போனில் அது இருந்த இடமே தெரியாது.

ஒரு வேலையும் இருக்கிறது. இசைக் கலைஞர் சங்கத்தில் அந்த இடையிசைக்காக ஏப்ரலில் எனக்குக் கேடயம் கொடுக்கிறார்கள். புதுச் செயலாளர் போனைத் தடவிவிட்டு, "சார், அந்தப் பாட்டுல உங்க பேரே வரலையே" என்கிறார். சிடிக்குள் இருக்கும் மடிப்புத் தாளைக் காட்டினேன், வயலின் என்று போட்டு என் பெயர் அச்சாகியிருக்கிறது. "இதையெல்லாம் இப்ப யாரு சார் பாக்கறாங்க" என்றார். பாட்டை விற்கும் கம்பெனிக்கு எழுதி என் பெயரைப் போட வை. உனக்குத்தான் அந்தக் குப்பையெல்லாம் தெரியுமே.

உன் அண்ணன்

பிப்ரவரி 11

மேதை அண்ணனுக்கு,

செய்தி அனுப்பினால் படிக்க மாட்டேன், கடிதம்தான் வேண்டும் என்று நீ அடம்பிடிப்பதால் நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் பில் தாளுக்குப் பின்னால் எழுதுகிறேன். இங்கே ஒருவர் வாயைத் திறந்தபடி டாக்டருக்காகக் காத்திருக்கிறார். நீ பாட்டைப் பற்றிப் பேசும்போது எங்கள் முகமெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

பார்சல் வந்தது. பெட்டியின் மூலை உடைந்திருக்கிறது. சிடிக்கு ஒன்றும் ஆகவில்லை, தபால்காரர் தப்பித்தார். ஆனால் இந்த வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில்கூட அதற்கான வாய் கிடையாது. இப்போதைக்கு உன் சிடியின்மேல் காபி டம்ளரை வைக்காமல் இருக்கிறேன், அதுவே பெரிய மரியாதை.

கையில் எடுக்கலாம் என்கிறாய். யார் எடுத்தார்கள்? உன் மகன் கல்யாணமாகி வெளியே போகும்வரை ஒரு சிடியைத் தொட்டதில்லை, தொட்டால் நீ விட்டதில்லை. அலமாரி முழுக்க சிடி, அண்ணியின் துணிமணி இன்னமும் கட்டிலுக்கு அடியில் சூட்கேசில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடித் துணியால் சிடியைத் துடைக்கிற நீ, அந்த சூட்கேசின் தூசியை ஒரு நாளாவது தட்டியிருப்பாயா?

சரி, உன் வேலை. அந்தக் கம்பெனியின் பக்கத்தில் விடுபட்ட கலைஞர் பெயரைத் தெரிவிக்க வழி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். தாளில் இருப்பதுபோல் போடவா, நடந்ததுபோல் போடவா?

தங்கை

பிப்ரவரி 17

தங்கைக்கு,

இத்தனை வருடம் கழித்து இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்துவிட்டதால் சொல்கிறேன்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்றைக்குக் கார்க் கதவில் என் விரல் நசுங்கிவிட்டது. உன்னைக் கூட்டிப்போனேன், நீ வாசித்தாய். யார் இல்லை என்றது? வாசித்தது நீ, வாசிக்க வைத்தது நான். உனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். இசையமைப்பாளர் கூப்பிட்டது என்னை. சொல்லிக்கொடுத்ததை ஒரு மத்தியானம் ஒப்பித்துவிட்டு வந்ததற்குப் பெயர் கலை என்றால், ஆஸ்பத்திரியில் உன்னுடன் இருக்கிற எல்லோருமே கலைஞர்கள்தான்.

அந்தப் பாட்டுக்குப் பிறகு நீ வயலினைத் தொடவே இல்லை. நான்தான் அதன் பிறகும் வாசித்து, சொல்லிக்கொடுத்து, அந்தப் பெயரைக் காப்பாற்றினேன். இல்லாவிட்டால் அந்தப் பாட்டை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? தாளில் அச்சானது அச்சானதுதான். நினைத்தபோது அழித்து எழுத அது உன் போன் இல்லை. சிடியின் பெருமையே அதுதான்.

மறுபேச்சு வேண்டாம். தாளில் இருப்பதுபோல் போடு. அழைப்பிதழ் அச்சுக்குப் போகப்போகிறது.

அண்ணன்

பிப்ரவரி 24

அண்ணாவுக்கு,

நீ மறந்ததை நான் எழுதுகிறேன்.

ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்தவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வளையலைக் கழட்டிடுங்கம்மா, மைக் பிடிச்சுக்கும்" என்றார். வலது கையில் இரண்டு மட்டும் கழலவில்லை. உன் கைக்குட்டையை வாங்கி அவற்றின்மேல் இறுக்கிக் கட்டினேன். கடைசி ஏற்றத்தில் வேகம் கூடியபோது கட்டு அவிழ்ந்துவிட்டது. இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்று கேட்டேன். ஸ்டுடியோ நேரம் முடிந்துவிட்டது என்று இசையமைப்பாளர் எழுந்துவிட்டார். நீ அப்போது விரல் வலி தாங்காமல் வெளியே உட்கார்ந்திருந்தாய்.

நீ மாணவர்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிற சலங்கை என்னுடைய வளையல். அந்தப் பாட்டில் சலங்கையே கிடையாது. இத்தனை பெரிய காதை வைத்துக்கொண்டு உனக்கு அது தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய்: "தாள்ல உன் பேர்தான் வரும், நான் சொல்லிடறேன்." சிடி வந்த அன்றைக்கே கடைக்குப் போய் வாங்கினேன். கடைக்காரர் பையில் போடுவதற்குள் பிரித்துத் தாளைப் பார்த்தேன். வயலினுக்கு நேராக உன் பெயர். கடைக்காரர், "ஏம்மா, உள்ள ஏதாவது குறையுதா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகுதான் நான் வயலினைத் தொடவில்லை. நீ அதைச் சோம்பேறித்தனம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

போனில் ஏன் கேட்கிறேன் என்று இப்போதாவது புரிகிறதா? அதில் பாடியவர் பெயரைத் தவிர வேறு பெயரே கிடையாது. உன் பெயரைப் பார்க்காமல் நான் வாசித்ததை நானே கேட்க எனக்கு அந்த டம்ளர் ஒன்றுதான் கிடைத்தது. நீ அதைத் தகர டப்பா என்கிறாய்.

கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். வயலின் என்று போட்டு எதிரில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. உன் பெயரை அதில் என் விரலால் எழுத மாட்டேன்.

தங்கை

ஏப்ரல் 20

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். பொறாமையில் கதை கட்டுகிறாள் என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் சூட்கேசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விழா நேற்று நடந்தது. சங்கத் தலைவர் தாளை நம்புகிற ஆள் என்பதால் அழைப்பிதழில் என் பெயர் தடையில்லாமல் வந்தது. செயலாளர் போனிலிருந்து பாட்டைப் போடப் போனார். நான்தான் மேடையிலேயே தடுத்து, "சிடியப் போடுங்க, அப்பதான் முழுசாக் கேக்கும்" என்றேன். அரங்கத்தில் இருந்தது பெரிய ஸ்பீக்கர்.

முழுசாகக் கேட்டது. ஏற்றம் வந்ததும் முன் வரிசையில் இருந்த என் மாணவன் ஒருவன் விரலைத் தூக்கிக் காட்டினான், சலங்கையாம். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். வில் மேலே போகும்போது ஒரு ஒலி, கீழே வரும்போது ஒரு ஒலி. தாளத்தில் விழவில்லை, வில்லோடுதான் போகிறது. கை அசைவது அப்படியே கேட்கிறது.

கேடயத்தை வாங்கிக்கொண்டு நன்றி என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மறுபடி போட்டேன். இப்போது எனக்கு வயலின் கேட்கவில்லை, அது மட்டும்தான் கேட்கிறது. அந்த சிடியை இனி என்னால் போட முடியாது. பாட்டு இல்லாமலும் இருக்க முடியவில்லை. போனில் அந்த ஒலி கேட்காது அல்லவா? மகன் ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். எப்படி டவுன்லோட் செய்வது என்று விவரமாக எழுது.

உன் அண்ணன்

ஏப்ரல் 26

அண்ணாவுக்கு,

கேட்டதற்கு வழி சொல்கிறேன். பாட்டின் பெயரைப் போட்டுத் தேடு. ஆல்பத்தின் படம் வரும், அதைத் தொடு. அம்புக்குறியைத் தொட்டால் பாட்டு இறங்கிவிடும். நீ நினைப்பதுபோலவே அதில் வளையல் கேட்காது. உனக்கு ஏற்றது அதுதான்.

பாட்டு இறங்கும் நேரத்தில் திரையைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பார். வயலின் என்று போட்டு எதிரில் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. தாளில் அச்சானதை மாற்ற முடியாது என்றாய். இதை மாற்றலாம். ஐந்து நிமிட வேலை. என் பெயரை எப்படி எழுதுவது என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் சிலேட்டில் எழுதிக் காட்டியதே நீதான்.

அந்தக் கட்டத்தை நான் அவ்வப்போது பார்ப்பேன். அதில் பெயர் வரும்வரை உன்னிடமிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்க மாட்டேன். நீ அனுப்பிய சிடியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தாளை மட்டும் எடுத்துக் கிழித்துவிட்டேன்.

வாசித்தவள்