மாதேஷ் என்னிடம் சொல்லாதது

வியாழக்கிழமை, இரவு.

மதியம் என் பத்தாம் வகுப்பு மாதேஷ், கூடப் படிக்கிறவனை அடிக்க கிரிக்கெட் பேட்டை ஓங்கினான். நான் கத்தினேன், அவன் திரும்பக்கூட இல்லை. போன மாதம் எங்கள் பள்ளிக்கு வந்த ஸ்டெல்லா டீச்சர் அவன் பக்கத்தில் போய், "எங்கிட்ட குடு சாமி," என்றார். கொடுத்துவிட்டு அழுதான்.

"எங்கப்பன் ஜெயிலுக்குப் போனத சொல்லித் தெனமும் சிரிக்கறானுங்க மிஸ்."

இரண்டு வருடமாக நான்தான் அவனுக்கு வகுப்பாசிரியை. என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அந்தம்மா இல்லீன்னா மண்ட ஒடஞ்சிருக்குமுங்க," என்று தலைமையாசிரியர் என்னிடமே சொன்னார். சிரித்தபடி தலையாட்டினேன்.

யாருக்கும் அடிபடவில்லை. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மாரண்டஹள்ளி பஸ்ஸில் வரும்போது, மாதேஷ் இன்னொரு முறை கை ஓங்கட்டும், அப்போது நான் தடுக்கிறேன் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தபிறகுதான் பயமாக இருக்கிறது.