ஆறு வீடு என்று சொன்னது யார்?

“இதெல்லாம் கேட்டு யாராண்ட சொல்லப் போறீங்க, டீச்சரம்மா?”

முதல் நாள் வகுப்பில் நீங்கள் என்னைக் கேட்டது இது. நேற்று அலமாரியை ஒழித்தபோது அந்த வகுப்பின் நோட்டு கையில் வந்தது, கேள்வியும் கூடவே வந்தது. நீங்கள் இறந்து ஒரு மாதம் ஆகிறது.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் அடுக்ககத்தின் பின்புறம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அறை நினைவிருக்கிறதா? ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், இங்கே வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன் என்று குடியிருப்போர் சங்கத்திடம் நானே கேட்டு வாங்கிய அறை அது. காலை வேலை முடிந்து மாலை வேலை தொடங்குவதற்குள், மதியம் இரண்டு மணிக்கு எட்டுப் பேர் வருவீர்கள்.

பள்ளியில் வருடக்கணக்காக எழுதிய கேள்விகளைத்தான் உங்களுக்கும் பலகையில் எழுதினேன். என்ன வேலை செய்கிறீர்கள்? எங்கே? எத்தனை மணிக்குத் தொடங்குவீர்கள்? வீட்டுவேலை ஆயிற்றே என்று, எத்தனை வீடு என்பதையும் சேர்த்துக்கொண்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. ஒருவன் தபால்காரன் என்பான், ஒருத்தி டாக்டர் என்பாள். உங்களிடம் இதே கேள்விகளைக் கேட்பவர் கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி. உள்ளே வர விடும் பாஸைப் புதுப்பிக்க இவற்றுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று எனக்கு இது உறைக்கவில்லை.

“ஐ ஆம் குக். ஐ ஒர்க் டூ ஹவுஸ்” என்றீர்கள், சுவரைப் பார்த்தபடி.

மஞ்சுளா சிரித்துவிட்டாள். உங்கள் தெருக்காரி, தினமும் உங்களோடு ஒரே ஷேர் ஆட்டோவில் வருகிறவள். “ரெண்டா? மத்த வீட்ல எல்லாம் உன் ஆவியாக்கா போய் தோச ஊத்துது?”

“நீ வாய மூடுடி” என்று அவளை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். “இன்னா எழுதுறீங்க?”

“தப்பைக் குறிச்சுக்கறேன்மா. அடுத்த கிளாஸ்ல திருத்தணுமில்ல?”

“தப்ப மட்டும் எழுதிக்கங்க. பேர எழுதாதீங்க.”

எழுதவில்லை. நோட்டில் இன்றும் மஞ்சுளா ‘மூக்குத்தி’, எப்போதும் தோளில் தொங்கும் பையால் நீங்கள் ‘பச்சைப் பை’.

வகுப்பு தொடங்கிய மூன்றாம் மாதம், கோடை மழை கொட்டிய ஒரு நாளில் நீங்களும் மஞ்சுளாவும் மட்டும் வந்தீர்கள். அன்று என்ன தோன்றியதோ, “ஐ ஒர்க் இன் சிக்ஸ் ஹவுசஸ். ஐ ஸ்டார்ட் அட் ஃபைவ் தர்ட்டி” என்று ஒரு பிழையும் இல்லாமல் சொன்னீர்கள். பெருங்காயம் கூடாது என்று சொல்லிவிட்டு, ரசத்தில் வாசனையே இல்லையே என்று கேட்கும் பி பிளாக் தாத்தாவைப் பற்றிச் சொல்லிச் சிரித்தீர்கள். உங்களுக்குப் பிடித்த வீடு அதுதான் என்று அன்றுதான் தெரிந்தது.

சில வாரங்களில் லிஃப்டில் சங்கத்தார் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒருவர் நான்கு வீடுகளுக்கு மேல் வேலை செய்யக் கூடாது. பாஸ் புதுப்பிக்கப் போன உங்களிடம் எத்தனை வீடு என்று கேட்கவே இல்லையாம். “ஆறு வீடுதானே?” என்றார்களாம். இரண்டு வீடுகள் போயின. ஒன்று தாத்தாவுடையது.

அடுத்த வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. வேலையாட்கள் போகும் லிஃப்ட் அருகே உங்களைப் பிடித்தேன்.

“நோட்ட சங்கத்துக்காரங்களாண்ட குடுத்தீங்களா?”

“இல்லம்மா. யாருக்கும் காட்டல. வேணும்னா நீங்களே பாருங்க.”

“எனக்குப் படிக்க வராதுன்னு தெரிஞ்சுதானே பாருன்றீங்க?”

செய்யாத குற்றத்துக்கு நிறுத்தி வைத்து விசாரிக்கிறீர்களே என்று எனக்குச் சுருக்கென்றது. செக்யூரிட்டியாக இருக்குமோ, வேறு யாராவது வேலைக்காரியாக இருக்குமோ என்று நானும் நாலு நாளாக எல்லாரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில், “அன்னிக்கு மஞ்சுளாவும் இருந்தாளே” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். லிஃப்ட் வந்தது. நீங்கள் ஏறிப் போய்விட்டீர்கள்.

மறுநாளிலிருந்து நீங்கள் ஒரு ஆட்டோ, அவள் ஒரு ஆட்டோ.

அதற்குப் பின் ஒரு மாலை சங்கச் செயலாளர் வீட்டில் காபி கொடுத்தார்கள். அவர் மனைவி என்னைப் புகழ்ந்தார். “யுகாதி சாப்பாட்டுல சொன்னீங்களே மேடம், பச்சைப் பை அம்மா சிக்ஸ் ஹவுசஸ்னு எவ்ளோ அழகா சொல்றாங்கன்னு. எங்க வீட்டுக்காரர் இன்னும் அதையே சொல்லிட்டிருக்கார்.”

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எதையும் ஓர் உதாரணத்தோடு சொல்வது என் பழக்கம். வகுப்பு எப்படிப் போகிறது என்று அன்று பந்தியில் யாரோ கேட்டார்கள், ஒப்பட்டுப் போளியைப் பிட்டுக்கொண்டே பெருமையாக உங்களை உதாரணம் காட்டினேன். பெயரைச் சொல்லவில்லை. பையைச் சொன்னேன். அந்தப் பையை இந்த அடுக்ககத்தில் அறியாதவர் யார்?

வேறோர் அடுக்ககத்தில், ஆங்கிலம் மட்டும் பேசும் வீடு ஒன்று உங்களுக்குக் கிடைத்தது. அதற்காக மறுபடி வகுப்புக்கு வந்தீர்கள். மஞ்சுளாவும் வந்தாள். அவள் ஒரு மூலை, நீங்கள் ஒரு மூலை. இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டு வருவேன். அதற்குள் நீங்கள், “டீச்சரம்மா பேர்ல சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டீர்கள். வாயைத் திறக்க முடியாமல் போனது அதனால்தான். பாடத்தை மட்டும் நடத்திவிட்டுப் போனேன், கோழை மாதிரி.

உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க நான் வந்த அன்று மஞ்சுளா வீட்டுக்குள் வரவில்லை. எதிரே டீக்கடை ஓரம் நின்றிருந்தாள். எல்லாம் முடியும்வரை அங்கேயே நின்றாள்.

போன வாரம் அவளிடம் சொன்னேன். பந்தி, பை, லிஃப்ட் அருகே சொன்ன அந்த ஒரு வார்த்தை, எல்லாவற்றையும். 

“அக்கா இருக்கசொல்ல இத சொல்லியிருந்தா, ஒரே ஆட்டோல போயிருப்போம் டீச்சர்.”

மன்னிப்பு என்று நான் தொடங்கியதை அவள் கேட்கத் தயாராக இல்லை. வகுப்புக்கு வருவாயா என்று கேட்டேன். “வரேன். ஆனா என்னாண்ட ஒண்ணும் கேக்காதீங்க” என்றாள்.

வந்தாள். அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்து, நான் அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன வேலை செய்தீர்கள், எங்கே, ஏன் விட்டீர்கள். கடைசிக் கேள்விக்கு ஓய்வு என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன், உண்மைக் காரணம் வேறு. மற்ற பெண்கள் காத்திருந்தார்கள். சொன்னேன்.

உங்களுக்கு இனி நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அந்த லிஃப்ட் வாசலைக் கடக்கும்போதெல்லாம் கால் கொஞ்சம் தயங்குகிறது, அது என்னோடு இருக்கும். இந்த மடல் யாராவது ஓர் ஆசிரியர் கையில் கிடைத்தால், அவருக்கு ஒன்று சொல்வேன்: வேலையைப் பற்றிய கேள்விகளைப் பலகையில் எழுதியதும், முதலில் படிக்க வந்தவர்களை உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.